நெட்வொர்க்கிங் லைப்ரரிக்கு முதல் பேட்ச் அனுப்புகிறவர்களுக்கு: ஆவணம், செலவு, காலம்

ஓப்பன் சோர்ஸ் நெட்வொர்க்கிங் லைப்ரரி ஒன்றில் ஒரு பிழை உங்கள் கண்ணில் பட்டுவிட்டது. திருத்தம் பத்து வரிதான். ஆனால் அந்தப் பத்து வரி லைப்ரரிக்குள் போய்ச் சேர வாரக்கணக்கில் ஆகலாம், மாதக்கணக்கிலும் ஆகலாம். என் முதல் பேட்ச்சுக்கு மாதங்கள் ஆயின. நிரல் எழுதுவதில் நேரம் போகவில்லை. எந்த ஒப்பந்தம் வேண்டும், யாருடைய அனுமதி வேண்டும், எந்தச் சமயத்தில் அனுப்ப வேண்டும், ரிவ்யூ செய்கிறவர் எதைப் பார்த்தால் நம்புவார் என்று ஒவ்வொன்றாக முட்டி மோதித் தெரிந்துகொள்வதில்தான் போயிற்று. நீங்களும் அப்படி முட்டிக்கொள்ள வேண்டாம் என்றுதான் வரிசையாக எழுதுகிறேன்.

உங்களுக்கு கிட் பயன்படுத்தத் தெரியும், ஒரு மொழியில் ஓரளவு நிரல் எழுத வரும் என்று வைத்துக்கொள்கிறேன். நெட்வொர்க்கிங்கில் கரைகண்டவராக இருக்க வேண்டியதில்லை.

1. லைப்ரரிக்கு உயிர் இருக்கிறதா என்று பாருங்கள்

கடைசி கமிட் எப்போது என்று மட்டும் பார்த்தால் போதாது. வெளியாட்கள் அனுப்பிய புல் ரிக்வெஸ்ட்களில் (மாற்றத்தைச் சேர்த்துக்கொள்ளக் கேட்கும் கோரிக்கைகளில்) கடைசியாக ஏற்கப்பட்ட பத்தை எடுத்துப் பாருங்கள். முதல் பதில் வர எத்தனை நாள் ஆனது, மெர்ஜ் ஆக எத்தனை நாள் ஆனது, எத்தனை முறை திருத்தச் சொன்னார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு ஆகப்போகும் காலத்தை இதைவிட நன்றாக வேறு எதுவும் சொல்லாது. வெளியாட்கள் அனுப்பியது எல்லாமே பதிலின்றிக் கிடக்கிறது என்றால், முதல் முயற்சியை அங்கே வைத்துக்கொள்ளாதீர்கள்.

அடுத்து, உங்கள் பிழை ஏற்கெனவே பதிவாகியிருக்கிறதா என்று இஷ்யூக்களில் தேடுங்கள். மூடப்பட்ட இஷ்யூக்களையும் சேர்த்துத் தேடுங்கள். 'இது பிழை அல்ல, வேண்டுமென்றே இப்படி வைத்திருக்கிறோம்' என்ற பதில் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. வெளியிலிருந்து வரும் ஒரு பாக்கெட்டோ ஒரு ஹெடரோ லைப்ரரியைக் கவிழ்க்கிறது, நினைவகத்தின் எல்லை தாண்டி எழுத வைக்கிறது, சான்றிதழ் சரிபார்ப்பைத் தாண்டிவிடுகிறது என்றால் அதைச் சாதாரணப் பிழையாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அது பாதுகாப்புக் குறைபாடு. பொதுவில் இஷ்யூ திறக்கக் கூடாது, புல் ரிக்வெஸ்ட்டும் அனுப்பக் கூடாது. ரெபாசிட்டரியில் 'செக்யூரிட்டி' என்ற பெயரில் ஒரு கோப்பு இருக்கும். அதில் சொன்ன தனி வழியில் தெரிவியுங்கள். சந்தேகமாக இருந்தாலும் தனி வழிதான். ஒன்றுமில்லை என்று தெரிந்தால் அவர்களே பொதுவில் போடச் சொல்வார்கள்.

2. காகித வேலையை இப்போதே தொடங்குங்கள்

பெரும்பாலோர் இதைக் கடைசிக்கு வைத்துக்கொள்கிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். மற்ற எல்லாமே உங்கள் கையில் இருக்கின்றன. இது ஒன்று மட்டும்தான் மற்றவர் கையில் இருக்கிறது.

லைப்ரரிக்கு லைப்ரரி மூன்று விதமான நடைமுறைகள் உண்டு. முதல் வகையில் தனி ஆவணம் எதுவும் கிடையாது. இணையத்தில் தரவை அனுப்பவும் பெறவும் உதவும் கர்ல் அப்படிப்பட்டது: நீங்கள் நிரல் அனுப்பினாலே, கர்லுக்கு உள்ள அதே உரிமத்தில் தருவதாக ஒப்புக்கொண்டதாகப் பொருள்.

இரண்டாவது வகை டிசிஓ, அதாவது நிரலின் மூலத்தைப் பற்றி நீங்கள் தரும் உறுதிமொழி. ஒவ்வொரு கமிட் செய்தியின் அடியிலும் உங்கள் பெயரும் மின்னஞ்சலும் கொண்ட ஒரு 'சைண்ட் ஆஃப் பை' வரி இருக்க வேண்டும். 'இதை நான் எழுதினேன், அல்லது அனுப்ப எனக்கு உரிமை இருக்கிறது' என்பதுதான் அதன் சாரம். லினக்ஸ் கெர்னலின் நெட்வொர்க்கிங் பகுதி இப்படித்தான் நடக்கிறது. கமிட் கட்டளையோடு 'எஸ்' என்ற சின்ன எழுத்துத் தேர்வைச் சேர்த்தால் கிட் அந்த வரியைத் தானே போட்டுவிடும்.

மூன்றாவது வகை சிஎல்ஏ, பங்களிப்பாளர் உரிம ஒப்பந்தம். நெட்டி, ஜிஆர்பிசி, ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற லைப்ரரிகள் மூன்றும் இதைக் கேட்கின்றன. தனிநபராகக் கையெழுத்திட்டால் பெரும்பாலும் இணையத்திலேயே சில நிமிடங்களில் முடிந்துவிடும். ஓப்பன்எஸ்எஸ்எல்லில் எழுத்துப் பிழை திருத்துவது போன்ற மிகச் சிறிய மாற்றத்துக்கு மட்டும் விலக்கு உண்டு. கமிட் செய்தியில் அது அற்பமான மாற்றம் என்று தனி வரியில் குறிப்பிட வேண்டும்.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், நீங்கள் ஒரு நிறுவனத்தில் வேலை பார்க்கும்போது. வேலை ஒப்பந்தத்தை எடுத்து, நீங்கள் எழுதும் நிரலின் உரிமை யாருக்கு என்ற பத்தியைப் படியுங்கள். அலுவலக நேரத்தில், அலுவலகக் கணினியில், அலுவலக வேலைக்காக எழுதியது என்றால் உரிமை நிறுவனத்துடையதாக இருக்கவே வாய்ப்பு அதிகம். பல ஒப்பந்தங்கள் வீட்டில் எழுதியதையும் சேர்த்துக்கொள்கின்றன. அப்படியானால் தனிநபர் ஒப்பந்தம் மட்டும் போதாது. நிறுவனத்தின் சார்பில் ஒருவர் கையெழுத்திட்டு, அனுமதி பெற்றவர் பட்டியலில் உங்கள் பெயரைச் சேர்க்க வேண்டும். சட்டப் பிரிவு, மேலாளர் என்று நான்கு மேசை ஏறி இறங்கும் வேலை அது. என் பேட்ச் நின்றுபோனது இங்கேதான்: நிரல் தயார், ரிவ்யூ தயார், கையெழுத்து மட்டும் வரவில்லை.

அதனால் அனுமதி கேட்கும் மின்னஞ்சலை இன்றே அனுப்புங்கள். லைப்ரரியின் பெயர், அதன் உரிமத்தின் பெயர், ஒப்பந்தத்தின் நகல், நீங்கள் மாற்றப்போவது என்ன என்று இரண்டு வரி, அதில் நிறுவனத்தின் ரகசியம் எதுவும் இல்லை என்று ஒரு வரி. இந்த ஐந்தும் ஒரே மின்னஞ்சலில் இருந்தால், திரும்பக் கேள்வி கேட்டே ஒரு வாரம் போவது மிச்சமாகும்.

அப்புறம் மின்னஞ்சல் முகவரிப் பொறி. ஒப்பந்தத்தில் ஒரு முகவரி, கமிட்டில் வேறு முகவரி என்றிருந்தால் ஒப்பந்தத்தைச் சோதிக்கும் தானியங்கி, சிவப்புக் குறியைப் போட்டுவிடும். நீங்கள் கையெழுத்திட்டது உண்மைதான், ஆனால் அந்தத் தானியங்கிக்கு அது தெரியாது. முதல் கமிட்டுக்கு முன்பே அந்த ரெபாசிட்டரிக்கு மட்டும் கிட் அமைப்பில் சரியான முகவரியைப் போடுங்கள். அந்த முகவரி வரலாற்றில் என்றைக்கும் நிற்கும், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அதையும் யோசித்து முடிவு செய்யுங்கள்.

பணச் செலவு? ஏறக்குறைய ஒன்றுமில்லை. கிட்ஹப்பில் பொது ரெபாசிட்டரிகளுக்கு வழக்கமான சிஐ இயந்திரங்கள், அதாவது அனுப்பிய நிரலைத் தானாக பில்ட் செய்து டெஸ்ட் ஓட்டும் இயந்திரங்கள், இலவசம். பாக்கெட்டுகளைப் பிடித்துக் காட்டும் வயர்ஷார்க் இலவசம், இணைய நெறிமுறைகளை விளக்கும் ஆர்எஃப்சி ஆவணங்கள் எல்லாம் இலவசம். நேரம்தான் செலவு, அதிலும் லைப்ரரியைப் பராமரிக்கும் மெயின்டெய்னரின் நேரம் உங்களுடையதைவிட அருமையானது. இனி வரும் படிகள் எல்லாம் அவர் நேரத்தை மிச்சப்படுத்துவதற்கானவை.

3. பிழையைக் கேட்டபோதெல்லாம் வரவையுங்கள்

'சில சமயம் இணைப்பு அறுந்துபோகிறது' என்று எழுதினால் யாராலும் எதுவும் செய்ய முடியாது. யார் ஓட்டினாலும் அதே பிழை வரும்படியான சிறு நிரல் ஒன்று வேண்டும். நெட்வொர்க்கிங்கில் இது சுலபமில்லை, ஏனென்றால் பாதிப் பிழைகள் நேரத்தையும் பாதையையும் பொறுத்தவை.

ஓர் உதாரணத்தை நெருங்கிப் பார்ப்போம். எச்டிடிபி 1.1-இல் ஒவ்வொரு ஹெடர் வரியும் இரண்டு பைட்டுகளில் முடியும்: முதலில் 13, அடுத்து 10. லைப்ரரியின் பார்சர், அதாவது வரும் பைட்டுகளைப் படித்துப் பிரிக்கும் பகுதி, அந்த இரண்டையும் சேர்த்தே தேடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். டிசிபி என்பது பைட்டுகளின் ஓட்டம். அனுப்பியவர் ஒரே மூச்சில் எழுதியது உங்களிடம் இரண்டு தவணையாக வரலாம். முதல் ரீட் 13-ஓடு முடிந்து, அடுத்த ரீட் 10-இல் தொடங்கினால், இரண்டையும் ஒன்றாக எதிர்பார்த்த பார்சர் வரி முடிந்ததையே கவனிக்காது. அடுத்த ஹெடரையும் இதோடு ஒட்டிவிடும்.

இந்தப் பிழை உங்கள் கணினியில் பல மாதம் தலைகாட்டாது. லினக்ஸில் லூப்பேக்கின் (கணினி தன்னோடு தானே பேசும் இணைப்பின்) எம்டியு, அதாவது ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு, வழக்கமாக 65536 பைட். வெளி ஈதர்நெட்டில் 1500. லூப்பேக்கில் மொத்த ஹெடரும் ஒரே வீச்சில் வந்துவிடும். அதனால் 'என் கணினியில் சரியாகத்தான் ஓடுகிறது' என்பது நெட்வொர்க்கிங்கில் மிகப் பலவீனமான சாட்சி.

வரவைக்கும் வழி: சாக்கெட்டையே விட்டுவிட்டு, பார்சருக்கு ஒரே ஹெடரை ஒவ்வொரு பைட்டாக ஊட்டுங்கள். பிறகு அதே ஹெடரை, வெட்டக்கூடிய ஒவ்வொரு இடத்திலும் இரண்டாக வெட்டி ஊட்டுங்கள். நூறு பைட் ஹெடர் என்றால் 99 வெட்டு. கண் இமைக்கும் நேரத்தில் ஓடி முடிந்துவிடும். எந்த வெட்டில் விடை மாறுகிறதோ அங்கே பிழை.

பிழை தாமதத்தையோ பாக்கெட் இழப்பையோ சார்ந்தது என்றால், லினக்ஸின் டிசி கட்டளையில் உள்ள நெட்எம் வசதியைப் பயன்படுத்துங்கள். ரூட் அனுமதி வேண்டும். லூப்பேக்கில் 100 மில்லிசெகண்ட் தாமதம் போட்டால் போக, வர இரண்டுக்கும் அது பொருந்தும். போய்த் திரும்ப 200 ஆகிவிடும். வேலை முடிந்ததும் அந்த விதியை நீக்க மறக்காதீர்கள், இல்லையென்றால் மறுநாள் கணினி ஏன் இழுக்கிறது என்று தேடிக்கொண்டிருப்பீர்கள்.

வயர்ஷார்க்கில் பிடித்த பாக்கெட் பதிவை இஷ்யூவில் இணைக்கலாம், நல்ல சாட்சி அது. ஆனால் உள்ளே குக்கி, டோக்கன், கடவுச்சொல், அலுவலகச் சர்வரின் பெயர் எல்லாம் இருக்கும். உண்மையான போக்குவரத்தை ஒருபோதும் இணைக்காதீர்கள். சோதனைச் சர்வர் ஒன்றை வைத்துப் புதிதாகப் பிடியுங்கள். உதாரணத்துக்கு ஐபி முகவரி எழுத வேண்டி வந்தால் 192.0.2.0/24 தொகுதியிலிருந்து எடுங்கள். ஆவணங்களில் காட்டுவதற்கென்றே ஒதுக்கப்பட்ட முகவரிகள் அவை.

4. எழுதும் முன் கேளுங்கள்

எழுத்துப் பிழை, தெளிவான சிறு திருத்தம் என்றால் நேராக அனுப்பலாம். மற்ற எதுவானாலும் இஷ்யூவில் கேட்டுவிட்டு எழுதுங்கள். என்ன நடக்கிறது, என்ன நடக்க வேண்டும், ஏன் அப்படி நடக்க வேண்டும் என்பதற்கு எந்த ஆர்எஃப்சியின் எந்தப் பகுதி, நீங்கள் செய்ய நினைக்கும் மாற்றம் மூன்று வரியில்.

ஆர்எஃப்சி எண்ணைச் சொல்வது மிகவும் உதவும். ஐபிவி6-உம் ஐபிவி4-உம் இருக்கும் சர்வரோடு இணைய லைப்ரரி தாமதிக்கிறது என்று வெறுமனே புகார் சொன்னால் விவாதம் நீளும். 2017-இல் வந்த ஆர்எஃப்சி 8305, ஒரு முகவரியை முயன்றபின் அடுத்ததைத் தொடங்க 250 மில்லிசெகண்ட் இடைவெளியைப் பரிந்துரைக்கிறது, இந்த லைப்ரரி முதல் முயற்சி முழுதாகத் தோற்கும்வரை காத்திருக்கிறது என்று சொன்னால், பேச்சு நேராக விஷயத்துக்கு வந்துவிடும்.

ஒரு வாரம் பதில் இல்லை என்றால் பணிவாக ஒருமுறை நினைவூட்டுங்கள். தினமும் வேண்டாம்.

5. காலண்டரைப் பாருங்கள்

பிழைத்திருத்தம் பெரும்பாலும் எப்போதும் ஏற்கப்படும். புது வசதி அப்படி இல்லை. கர்ல் சுமார் எட்டு வாரத்துக்கு ஒரு வெளியீடு விடுகிறது. அதில் ஒரு பகுதிக்கு மட்டுமே புது வசதிகளுக்குக் கதவு திறந்திருக்கும், மீதிக் காலம் திருத்தங்களுக்கு மட்டும். கோ மொழியின் நெட் தொகுப்பு மொழியோடு சேர்ந்தே ஆறு மாதத்துக்கு ஒருமுறை, பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் வெளிவருகிறது. அதற்குச் சில மாதம் முன்பே மாற்றங்கள் உறைநிலைக்குப் போய்விடும். லினக்ஸில் நெட்வொர்க்கிங்கின் புது வசதிகள் போகும் நெட்-நெக்ஸ்ட் ரெபாசிட்டரி, மெர்ஜ் சாளரம் (சேர்ந்த மாற்றங்களை முதன்மைக் கெர்னலில் இணைக்கும் காலம்) திறந்திருக்கும் இரண்டு வாரமும் மூடியிருக்கும். மூடிய சமயத்தில் அனுப்பினால், திறந்தபின் அனுப்பு என்றுதான் பதில் வரும்.

6. மாற்றும் முன் ஒருமுறை முழுதாக பில்ட் செய்யுங்கள்

ஃபோர்க், கிளோன், புது பிராஞ்ச். இதில் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஒரு வரியையும் தொடாமல் எல்லா டெஸ்ட்டையும் ஒருமுறை ஓட்டி, எது ஏற்கெனவே தோற்கிறது என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இது இல்லாவிட்டால், பின்னால் உங்கள் மாற்றம் கெடுத்ததா, முன்பே கெட்டிருந்ததா என்று தெரியாமல் ஒரு நாள் முழுதும் போய்விடும்.

7. மாற்றம் சிறியது, டெஸ்ட் பெரியது

முதலில் டெஸ்ட்டை எழுதி, பழைய நிரலில் அது தோற்பதைக் கண்ணால் பாருங்கள். பிறகு திருத்துங்கள். தோற்காத டெஸ்ட் எதையும் நிரூபிக்காது.

நெட்வொர்க் டெஸ்ட்டுகளில் அடிக்கடி மாட்டுகிற இடங்கள் இவை:

போர்ட் எண்ணை நீங்களே எழுதாதீர்கள். 8080 ஏற்கெனவே வேறு யாரிடமாவது இருக்கும். 0 என்று கொடுத்தால் காலியாக உள்ள போர்ட்டை இயங்குதளம் தரும். எது கிடைத்தது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

'லோக்கல்ஹோஸ்ட்' என்ற பெயரை நம்பாதீர்கள். சில கணினிகளில் அது முதலில் ::1 என்று விரியும், சிலவற்றில் 127.0.0.1 என்று. சர்வர் ஒன்றில் காத்திருக்க, கிளையன்ட் மற்றதைத் தட்டும். எந்த முகவரி வேண்டுமோ அதையே எழுதுங்கள்.

இணையத்தில் உள்ள உண்மைச் சர்வரைத் தொடும் டெஸ்ட் வேண்டவே வேண்டாம். அது ஒருநாள் காரணமின்றித் தோற்கும், அதைத் துரத்தும் வேலை மெயின்டெய்னர் தலையில் விழும்.

ஸ்லீப் வைத்துச் சமாளிக்காதீர்கள். உங்கள் கணினியில் 50 மில்லிசெகண்ட் போதும். நெரிசலில் ஓடும் சிஐ இயந்திரத்தில் போதாது. நடக்க வேண்டியது நடந்ததும் சமிக்ஞை வரும்படி செய்யுங்கள்.

விண்டோஸை மறக்காதீர்கள். அங்கே சாக்கெட்டை மூடும் ஃபங்ஷனே வேறு, பிழை எண் கிடைக்கும் இடமும் வேறு. எதிர்முனை மூடிய இணைப்பில் எழுதினால் லினக்ஸும் மேக்கும், கவனிக்காவிட்டால் நிரலையே நிறுத்திவிடும் சிக்பைப் சிக்னலை அனுப்பும். அதைத் தடுக்கும் வழி இரண்டிலும் ஒன்றல்ல. எல்லா இயங்குதளமும் உங்களிடம் இருக்க வேண்டியதில்லை, உங்கள் ஃபோர்க்கிலேயே சிஐயை ஓட்டிப் பார்க்கலாம்.

சி அல்லது சி++ லைப்ரரி என்றால் நினைவகத் தவறுகளைப் பிடிக்கும் அட்ரஸ் சானிடைசரோடு ஒருமுறை ஓட்டுங்கள். வேகம் ஏறக்குறைய பாதியாகும், பரவாயில்லை. த்ரெட்கள் இருந்தால், அவை ஒன்றோடொன்று மோதுவதைப் பிடிக்கும் த்ரெட் சானிடைசர். அது ஐந்து முதல் பதினைந்து மடங்கு மெதுவாக்கும், எனவே உங்கள் டெஸ்ட்டை மட்டும் ஓட்டினால் போதும்.

பக்கத்தில் இருக்கும் நிரல் அழகாக இல்லை என்று அதையும் சேர்த்துத் திருத்தாதீர்கள். எடிட்டர் கோப்பு முழுவதையும் தானாக ஒழுங்குபடுத்திவிட்டால், பத்து வரி மாற்றம் நானூறு வரியாகத் தெரியும். அதை யாரும் படிக்க மாட்டார்கள். லைப்ரரியின் சொந்த விதிகளைப் பின்பற்றுங்கள். கர்லில் ஒரு வரி 79 எழுத்துக்கு மேல் போகக் கூடாது, அதைச் சோதிக்க அவர்களிடமே ஸ்கிரிப்ட் இருக்கிறது.

8. கமிட்டும் புல் ரிக்வெஸ்ட்டும்

ஒரு கமிட்டுக்கு ஒரு விஷயம். முதல் வரியில் எந்தப் பகுதி, என்ன விளைவு: 'பார்சர்: வரி முடிவு இரண்டு ரீட்களில் பிரிந்து வந்தாலும் அடையாளம் காணும்' என்பதுபோல். கீழே ஏன் என்று ஒரு பத்தி, இஷ்யூ எண், லைப்ரரி கேட்டால் டிசிஓ வரி. என்ன மாற்றினீர்கள் என்பது நிரலிலேயே தெரியும். ஏன் என்பதை நீங்கள் எழுதினால்தான் உண்டு.

ஏஐஓஎச்டிடிபி, டிவிஸ்டெட் போன்ற பைத்தான் லைப்ரரிகளில் மாற்றத்தைப் பற்றி ஒரு சிறு குறிப்புக் கோப்பும் சேர்த்து அனுப்ப வேண்டும். அது இல்லையென்றால் சிஐ தோற்கும். இதையெல்லாம் பங்களிப்பு விதிகள் உள்ள கோப்பு சொல்லும். செயற்கை நுண்ணறிவுக் கருவியின் துணையோடு எழுதியதை அனுப்பலாமா, அப்படியானால் எப்படித் தெரிவிப்பது என்ற விதி இருந்தாலும் அங்கே இருக்கும்.

வேகம் கூடியது என்று சொல்கிறீர்களா? எந்த வன்பொருள், எந்தக் கட்டளை, பலமுறை ஓட்டியதில் எவ்வளவு ஏற்ற இறக்கம் என்று கொடுங்கள். லூப்பேக்கில் மட்டும் அளந்தது என்றால் அதையும் சொல்லுங்கள்.

9. அனுப்பிய பிறகு

சிஐ ஓடவே இல்லை என்று பயப்பட வேண்டாம். கிட்ஹப்பில் முதல்முறை அனுப்புகிறவரின் சிஐ ஓட மெயின்டெய்னர் ஒப்புதல் தர வேண்டியிருக்கும். அதுவரை சும்மாதான் நிற்கும்.

ரிவ்யூ கருத்து ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதுங்கள்: செய்துவிட்டேன், அல்லது ஏன் செய்யவில்லை. பதில் இல்லாமல் நிரலை மட்டும் மாற்றினால், எதைக் கவனித்தீர்கள் எதை விட்டீர்கள் என்று அவர் முதலிலிருந்து தேட வேண்டும். திருத்தங்களைத் தனி கமிட்டாகச் சேர்ப்பதா, பழைய கமிட்டோடு கலந்து ஃபோர்ஸ் புஷ் செய்வதா என்பது லைப்ரரிக்கு லைப்ரரி மாறும். விதிகளில் இல்லையென்றால் கேட்டுவிடுங்கள். ரிவ்யூ நடந்துகொண்டிருக்கும்போது காரணமின்றி ரீபேஸ் செய்யாதீர்கள், அவர் எழுதிய கருத்துகள் இடம் தெரியாமல் போகும்.

வேண்டாம் என்று சொன்னால்? காரணத்தைக் கேளுங்கள். பழைய பயனர்களின் நிரல் உடையும் என்பதே பெரும்பாலும் காரணமாக இருக்கும். அப்படியானால் திருத்தத்தை விட்டுவிட்டு, இப்போதைய நடத்தையை விளக்கும் ஆவணத்தையும் அதற்கான டெஸ்ட்டையும் மட்டும் அனுப்ப முடியுமா என்று பாருங்கள். அதை மறுப்பவர்கள் குறைவு.

10. மெர்ஜ் ஆன பிறகும் கொஞ்சம் வேலை இருக்கிறது

மெர்ஜ் ஆனதும் உங்கள் பயன்பாட்டில் போட்டு வைத்திருந்த தற்காலிக ஒட்டை எடுத்துவிடாதீர்கள். அடுத்த வெளியீடு வர வேண்டும். லினக்ஸ் விநியோகங்களில் அந்தப் பதிப்பு வந்துசேர மேலும் நாளாகும். நீண்டகால ஆதரவுப் பதிப்புகளில் பாதுகாப்புத் திருத்தங்கள் தவிர மற்றவை பெரும்பாலும் வரவே வராது. எந்தப் பதிப்பிலிருந்து சரியானது என்பதை ஒட்டுக்குப் பக்கத்திலேயே குறிப்பாக எழுதி வையுங்கள். குறைந்தபட்சப் பதிப்பை உயர்த்தும்போது அதை எடுத்தால் போதும்.

வெளியீடு வந்து முதல் சில வாரம் அறிவிப்புகளைக் கவனியுங்கள். உங்கள் மாற்றத்தால் ஏதோ உடைந்தது என்று யாராவது எழுதினால் முதலில் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். உடனே திருத்த முடியாவிட்டால், மாற்றத்தைத் திரும்ப எடுத்துவிடுங்கள் என்று நீங்களே சொல்லுங்கள். உடைந்த அந்தச் சூழலுக்கும் ஒரு டெஸ்ட் எழுதி, இரண்டையும் சேர்த்து அடுத்த வெளியீட்டுக்கு மறுபடி அனுப்பலாம்.